நான்கெல்லையில் எழுதியிருந்த பூங்கா

எங்கள் வீட்டு மனையின் கிரயப் பத்திரத்தில், சொத்து விவரம் எழுதப்பட்ட கடைசிப் பக்கத்தில், நான்கெல்லை இப்படித் தொடங்குகிறது: ‘பூங்கா இடத்துக்குத் தெற்கு, 23 அடி அகலமுள்ள தெருவுக்கு வடக்கு’. 1999இல் அந்தப் பத்திரத்தில் கையெழுத்திட்ட நான், அதற்குப் பிறகு 22 ஆண்டுகள் அந்த வரியை ஒருமுறைகூடத் திரும்பப் படிக்கவில்லை. வீட்டின் வடபுறம் சீமைக் கருவேலம் மண்டிக் கிடந்த காலியிடத்தை எல்லோரும் ‘பார்க் இடம்’ என்றுதான் சொல்வோம். அது யார் பெயரில் இருக்கிறது என்று கேட்க யாருக்கும் தோன்றியதில்லை. 2021ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு காலையில் பொக்லைன் இயந்திரம் வந்து அந்தக் கருவேலத்தை வேரோடு பெயர்க்கத் தொடங்கியபோது, நகராட்சி ஒருவழியாகப் பூங்கா அமைக்க வந்துவிட்டது என்று மகிழ்ந்து, ஓட்டுநருக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தவன் நான்.

“பார்க்கா? இது வழி சார். பின்னாடி மூணு ஏக்கர்ல ஃபிளாட் வருது” என்றார் அவர். எங்கள் மனைப்பிரிவுக்கு வடக்கே இருந்த தரிசு நிலத்தை ஒரு கட்டுமான நிறுவனம் வாங்கியிருந்தது. தமிழ்நாட்டில் ஒரு மனையில் எத்தனை தளம், எத்தனை வீடு கட்டலாம் என்பது பெரும்பாலும் அதன் முன்னால் உள்ள சாலையின் அகலத்தைப் பொறுத்தது. அந்த மூன்று ஏக்கருக்கு அகலமான சாலை முகப்பு இல்லை. எங்கள் பூங்கா இடத்தைச் சேர்த்துக்கொண்டால் முகப்பு கிடைத்துவிடும். அதனால்தான் 30 ஆண்டுகளாக யாரும் சீந்தாத ஓர் இடத்துக்குத் திடீரென்று மதிப்பு வந்தது என்பதைப் பிறகுதான் புரிந்துகொண்டோம்.

அந்த வாரமே குடியிருப்போர் கூட்டம் நடந்தது. கூட்டத்தில் பேசப்பட்டவற்றில் பூங்கா ஒரு சிறு பங்குதான். நிலத்தடி நீர் வற்றிவிடும், கழிவுநீர் லாரிகள் எங்கள் தெரு வழியாகப் போகும், மாடியில் துணி காயவைத்தால் எதிர் மாடியிலிருந்து பார்ப்பார்கள், வெயில் விழாது, மனை விலை குறையும் என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். ‘எப்படிப்பட்டவர்கள் குடிவருவார்களோ’ என்று ஒருவர் இழுத்தபோது, மனைப்பிரிவு வருவதற்கு முன்பு இதே நிலத்தில் பயிர் செய்த குடும்பத்தைச் சேர்ந்த ஒரு பெரியவர், “நீங்க வந்தப்ப எங்க ஊர்லயும் இதையேதான் பேசிக்கிட்டாங்க” என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். அன்று அந்தச் சொல் எனக்குச் சுருக்கென்று தைத்தது. ஆனால் அதன் பயன் ஓர் ஆண்டு கழித்துத்தான் விளங்கியது.

பேசப்பட்ட அனைத்தையும் சேர்த்து 14 குறைகளுடன் மூன்று பக்க மனு ஒன்றை எழுதி, 112 பேரிடம் கையெழுத்து வாங்கி, நான்கு அலுவலகங்களுக்குக் கொடுத்தோம். ‘விதிகளுக்குட்பட்டுப் பரிசீலிக்கப்படும்’ என்ற ஒற்றை வரிப் பதில் இரண்டிலிருந்து வந்தது. மற்ற இரண்டிலிருந்து எதுவும் வரவில்லை. நேரில் போனபோது ஓர் அதிகாரி மனுவைப் பொறுமையாகப் படித்துவிட்டு, “இதில் எதன் மேல் நான் உத்தரவு போடுவது, சொல்லுங்கள்?” என்று கேட்டார். அது தட்டிக்கழிக்கும் பேச்சு என்று அன்று கோபப்பட்டேன். உண்மையில் எங்களுக்கு இலவசமாகக் கிடைத்த முதல் சட்ட ஆலோசனை அதுதான். பக்கத்து நிலத்துக்காரர் விதிப்படி வீடு கட்டுவதைத் தடுக்க எங்களுக்கு உரிமை இல்லை. எங்கள் மனைப்பிரிவில் பூங்காவுக்கென்று ஒதுக்கிய இடத்தை இன்னொருவர் எடுப்பதைத் தடுக்க உரிமை உண்டு. இரண்டையும் ஒரே மனுவில் கலந்ததால், வலுவான கோரிக்கை பலவீனமான பதின்மூன்றின் நடுவே காணாமல் போயிருந்தது.

இரண்டாவது மனு அரைப் பக்கம்தான். இந்த மனைப்பிரிவின் அங்கீகார எண் இது, இந்த வரைபடத்தில் பூங்கா என்று காட்டப்பட்ட இடம் இது, அந்த இடத்தில் இப்போது வழி அமைக்கப்படுகிறது, 1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தின்படி நிறுத்த வேண்டும். அவ்வளவே. ஆனால் அதை எழுதுவதற்கு அங்கீகரிக்கப்பட்ட வரைபடம் கையில் இருக்க வேண்டும். 60 வீடுகளில் ஒருவரிடமும் அது இல்லை. மனை விற்றபோது கொடுத்த விளம்பரத் தாளின் நகல்தான் இருந்தது, அதில் பூங்கா இடத்தில் ஒரு ஊஞ்சல் படம் வரைந்திருந்தார்கள்.

இங்கே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் அதை நான் முதலில் தவறாகவே பயன்படுத்தினேன். முதல் விண்ணப்பத்தில் 11 கேள்விகள் கேட்டேன். அவற்றில் பாதிக்கு மேல் ‘ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை’, ‘யார் பொறுப்பு’ என்ற வகை. வினா வடிவில் கேட்கப்பட்டவை தகவலாகாது என்று பதில் வந்தது. 2005ஆம் ஆண்டின் அந்தச் சட்டம் அலுவலகத்திடம் உள்ள ஆவணத்தைப் பெறுவதற்கானது. அலுவலகத்தோடு வாதாடுவதற்கானது அன்று. அடுத்த விண்ணப்பத்தில் மூன்றே வரிகள்: மனைப்பிரிவு வரைபடத்தின் சான்றளிக்கப்பட்ட நகல், அங்கீகார ஆணையும் அதன் நிபந்தனைகளும், பூங்காவையும் சாலைகளையும் ஒப்படைத்த தானப் பத்திரத்தின் நகல். கூடவே, கோப்பை நேரில் பார்வையிடவும் அனுமதி கேட்டேன். பிரிவு 2(j)இன் கீழ் அதற்கு இடமுண்டு என்பது பலருக்குத் தெரிவதில்லை. பதிலுக்கு 30 நாள் கெடு; வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. உள்ளாட்சி அலுவலகத்திலிருந்து ‘பேரூராட்சி நகராட்சியோடு இணைக்கப்பட்டபோது கோப்பு மாற்றப்பட்டது, தற்போது கிடைக்கப்பெறவில்லை’ என்ற பதிலே வந்தது. ஆனால் அதே கோப்பின் இன்னொரு பிரதி நகர் ஊரமைப்புத் துறையின் மாவட்ட அலுவலகத்தில் இருந்தது. ஓர் ஆவணம் ஓர் அலுவலகத்தில் தொலைந்தால் அது எங்குமே இல்லை என்று பொருளாகாது. அங்கீகாரம் அளித்த துறை, அதை ஏற்ற உள்ளாட்சி, பத்திரம் பதிந்த சார்பதிவாளர் என்று மூன்று இடங்களில் தேட வேண்டும்.

கோப்பைப் பார்வையிட்ட நாளை மறக்க முடியாது. பழைய அச்சின் நீலக் கோடுகள் மங்கி, மடிப்புகளில் தாள் கிழிந்து, பின்பக்கம் துணி ஒட்டிய வரைபடம் அது. நடுவே பச்சை வண்ணம் தீட்டிய செவ்வகம். அதற்குள் ‘பூங்கா’ என்றும், ஓரங்களில் 154 அடி, 99 அடி என்றும் கையால் எழுதியிருந்தது. பெருக்கிப் பார்த்தால் சரியாக 35 சென்ட். ஐந்து ஏக்கர் மனைப்பிரிவில் சாலைகள் போக எஞ்சிய மூன்றரை ஏக்கரில் பத்தில் ஒரு பங்கு. 1992இல் ஒருவர் இந்தக் கணக்கை ஒழுங்காகப் போட்டுத்தான் ஒப்புதல் அளித்திருக்கிறார் என்பதே எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. நிபந்தனைத் தாளில், சாலைகளையும் பூங்கா இடத்தையும் தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சிக்கு ஒப்படைக்க வேண்டும் என்று தெளிவாக இருந்தது.

பிறகு, ஒரு நிலத்தின் மேல் பதிவான பத்திரங்களைப் பட்டியலிடும் வில்லங்கச் சான்றிதழை எடுத்தோம். சாலைகளுக்கான தானப் பத்திரம் 1993இல் பதிவாகியிருந்தது. பூங்காவுக்கு இல்லை. மறதியா, திட்டமிட்ட விடுபாடா என்பதை இனி யாராலும் சொல்ல முடியாது. மனைப்பிரிவு போட்டவர் காலமாகிவிட்டார். அவர் பெயரில் கிடந்த பட்டாவை நம்பி, அவருடைய வாரிசுகள் 2021இல் பாகப்பிரிவினை செய்து, அந்த 35 சென்டைக் கட்டுமான நிறுவனத்துக்கு விற்கக் கிரய ஒப்பந்தம் போட்டிருந்தார்கள். இந்தப் பதிவுகள்கூட எங்கள் முதல் தேடலில் வரவில்லை. நாங்கள் பழைய சர்வே எண்ணை மட்டும் போட்டுத் தேடியிருந்தோம். உட்பிரிவு ஆன பிறகு வந்த புதிய எண்ணில்தான் ஒப்பந்தம் பதிவாகியிருந்தது. பழைய எண், புதிய எண் இரண்டையும் தனித்தனியே போட்டுப் பார்க்காதவரை வில்லங்கம் இல்லை என்று நம்பிவிடக் கூடாது.

தானப் பத்திரம் இல்லாததைக் கண்டதும் எங்களில் பாதிப் பேர் கையை விரித்துவிட்டார்கள். வழக்கறிஞர்தான் நம்பிக்கை கொடுத்தார். டெல்லி மாநகராட்சிக்கு எதிரான சேத்ராம் வசிஷ்ட் வழக்கில் 1994இல் உச்ச நீதிமன்றம் சொன்னதை அவர் விளக்கினார்: அங்கீகாரம் பெற்ற வரைபடத்தில் பூங்காவுக்கென்று விட்ட இடம், ஒப்படைப்பு நடக்காததால் தானாக உள்ளாட்சியின் சொத்தாகிவிடுவதில்லை; ஆனால் நில உரிமையாளரும் அதை இஷ்டப்படி விற்க முடியாது, பொதுப் பயனுக்கான அறங்காவலரைப் போலத்தான் வைத்திருக்க முடியும். அதாவது, பட்டாவில் பெயர் இருப்பது வேறு, விற்கும் அதிகாரம் இருப்பது வேறு. பெங்களூரில் ஒரு குடியிருப்புப் பகுதியின் பூங்கா இடத்தைத் தனியார் மருத்துவமனைக்கு ஒதுக்கியதை எதிர்த்து அங்கே குடியிருந்தவர்களே தொடுத்த முத்தப்பா வழக்கில், அந்த ஒதுக்கீடு செல்லாது என்று 1991இல் வந்த தீர்ப்பையும் காட்டினார். ‘உங்களுக்கு இதில் என்ன சம்பந்தம்’ என்று எதிர்த்தரப்பு கேட்கும் என்று எதிர்பார்த்திருந்த எங்களுக்கு அது பெரிய பிடிமானம். அதைவிடப் பெரிய பிடிமானம் எங்கள் வீட்டு அலமாரியிலேயே இருந்தது. பூங்காவை ஒட்டிய நான்கு மனைகளின் கிரயப் பத்திரங்களிலும், மனைப்பிரிவு போட்டவரே கையெழுத்திட்டு, ‘பூங்கா இடத்துக்குத் தெற்கு’ என்று எழுதிக் கொடுத்திருந்தார். பூங்கா என்று சொல்லி மனையை விற்றவரின் வாரிசுகள் அது பூங்கா இல்லை என்று எப்படிச் சொல்வார்கள்?

எல்லாம் கூடிவரும் நேரத்தில் எங்கள் பக்கமே ஓர் ஓட்டை இருந்தது வெளியானது. நில அளவர் வந்து சங்கிலி பிடித்து அளந்தபோது, கிழக்கு மேற்காக 154 அடி சரியாக வந்தது. வடக்கு தெற்காக 99 அடிக்குப் பதில் 96 அடிதான் வந்தது. தென்மேற்கு மூலைக் கல்லைக் காணவில்லை. அரை மணி நேரம் தேடிய பிறகு, நில அளவர் என் வீட்டுப் பின்சுவருக்கு உள்ளே இருந்த தண்ணீர் மோட்டார் அறையைக் காட்டி, “இதுக்கு அடியில இருக்கும்” என்றார். சிமெண்டுத் தளத்தை உடைத்ததும் அங்கேதான் இருந்தது, ஒரு பக்கம் மூளியான கருங்கல். வீடு கட்டியபோது கொத்தனார் ‘பின்னாடி பார்க்தானே சார்’ என்று சொல்லி மூன்றடி தள்ளிச் சுவர் எழுப்பினார். நானும் சரி என்றேன். என்னைப் பார்த்து மற்ற மூன்று வீட்டாரும் அதே கோட்டில் கட்டினார்கள். பூங்காவைக் காக்கும் போராட்டத்தின் செயலாளர் பூங்காவின் ஆக்கிரமிப்பாளராகவும் இருந்தார். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் தன் கைப்பேசியில் அதைப் படம் எடுத்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

சுவரை இடிப்பதில் மற்ற மூவரும் முதலில் தயங்கினார்கள். தீர்ப்பு வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். அந்த வாரக் கடைசியில் என் சுவரையும் மோட்டார் அறையையும் நான் இடித்தேன். என் மனைவி நட்டு வளர்த்த செம்பருத்தி வரிசையும் அதோடு போயிற்று. அவர் ஒரு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை. பத்து நாளுக்குள் மற்ற மூவரும் இடித்தார்கள். அதன் பிறகு மீண்டும் அளக்கச் சொல்லி, 99 அடி என்று அறிக்கை பெற்று, அந்த அறிக்கையை மனுவோடு இணைத்தோம். பொது இடத்துக்காக மனுக் கொடுக்க நினைப்பவர்கள் முதலில் சொந்தச் சுவரை அளந்து பார்த்துவிடுவது நல்லது. அதை நாமாகச் செய்தால் நேர்மை, எதிர்த்தரப்பு செய்தால் அவமானம்.

இதற்கிடையே சார்பதிவாளரிடம் ஆட்சேபம் கொடுத்தோம். யாரோ ஆட்சேபிக்கிறார் என்பதற்காகவே பதிவை நிறுத்த முடியாது என்று அவர் சொன்னது நியாயமே. அரசுக்கோ உள்ளாட்சிக்கோ சொந்தமான நிலத்தைப் பிறர் விற்கும் பத்திரத்தைப் பதிய மறுக்கப் பதிவுச் சட்டத்தின் 22-அ பிரிவு தமிழ்நாட்டில் இடம் தருகிறது. ஆனால் அந்தப் பாதுகாப்பு முழுமையாகக் கிடைக்க, நிலம் உள்ளாட்சியின் பெயருக்கு முதலில் வர வேண்டும். ஆகவே, வழியை நிறுத்துவது பாதி வேலைதான், தானப் பத்திரத்தைப் பெறுவதே முழு வேலை என்பது உறுதியாயிற்று. உயர் நீதிமன்றத்தில் தொடுத்த மனுவில், இரு தரப்பையும் கேட்டு 12 வாரத்தில் முடிவெடுக்குமாறு நகர் ஊரமைப்புத் துறைக்கு உத்தரவு கிடைத்தது. விசாரணைகள் நடந்த மாதங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை: காத்திருந்தோம், வாய்தா வாங்கினார்கள், மீண்டும் காத்திருந்தோம்.

முடிவைத் திருப்பியது வேறொன்று. புதிய திட்டத்துக்கான விதிகளைப் படித்துக்கொண்டிருந்த எங்கள் தெரு இளைஞர் ஒருவர், ஓய்வு நேரத்தில் மனைப்பிரிவு வரைபடம் போடுபவர், ஒரு நாள் மாலை வந்து, “சார், நாம அவங்க கட்டுறதை எதிர்க்கணுமா? அவங்களும் பத்து சதவீதம் விடணுமே, அது எங்க வருதுன்னு கேட்டீங்களா?” என்றார். யாரும் கேட்கவில்லை. 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட இடத்தில் கட்டுபவர், சாலை நீங்கலாக 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கித் தானப் பத்திரம் மூலம் ஒப்படைத்தே ஆக வேண்டும்; 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரை உள்ளவர்களைப் போல அதற்கு ஈடாகப் பணம் கட்டித் தப்பிக்க முடியாது. மூன்று ஏக்கர் என்பது 12,000 சதுர மீட்டரைத் தாண்டும். கட்டடத்தைச் சுற்றி விடும் பக்கவெளியையும் வாகன நிறுத்தத்தையும் அந்தக் கணக்கில் சேர்க்க இயலாது. அடுக்குமாடிகள் தொடர்பான ஒரு சென்னை வழக்கில் இந்த 10 சதவீத விதி செல்லும் என்று 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் உறுதிசெய்தது.

அதற்குப் பிறகு எங்கள் பேச்சு மாறியது. முதல் கூட்டத்தில் அந்தப் பெரியவர் சொல்லிவிட்டுப் போனதும் அப்போதுதான் எனக்கு விளங்கியது. கட்டாதீர்கள் என்று சொல்வதை நிறுத்திவிட்டு, உங்கள் திறந்தவெளியை எங்கள் பூங்காவை ஒட்டித் தென்னெல்லையில் ஒதுக்குங்கள், வழிக்கு வேறு ஏற்பாடு செய்யுங்கள், எங்களுக்கு வேறு ஆட்சேபம் இல்லை என்று எழுத்து மூலம் கொடுத்தோம். சிலருக்கு இது பிடிக்கவில்லை. விலைபோய்விட்டோம் என்றுகூடப் பேசினார்கள். நிறுவனத்துக்கோ வழக்கு இழுக்கும் ஒவ்வொரு மாதமும் வட்டி ஏறிக்கொண்டிருந்தது. மறுபக்கச் சாலையில் முகப்புள்ள இரண்டு மனைகளை வாங்கி அவர்கள் வழி அமைத்துக்கொண்டார்கள். வாரிசுகளோடு போட்ட கிரய ஒப்பந்தம் ரத்துப் பத்திரத்தில் முடிந்தது. 2024இல் ஒரே வாரத்தில் இரண்டு தானப் பத்திரங்கள் பதிவாயின: எங்களுடைய 35 சென்ட், அவர்களுடைய 28 சென்ட். இரண்டுக்கும் நடுவே சுவர் எழுப்பக் கூடாது என்று திட்ட அனுமதியில் நிபந்தனை சேர்க்கக் கேட்டிருந்தோம், அதுவும் சேர்ந்தது. முதலில் கொடுத்த 14 குறைகளில் நிலத்தடி நீரைப் பற்றியதற்கும் இதில்தான் ஓரளவு விடை இருந்தது. ஒரு சதுர மீட்டர் மண்ணில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர். 35 சென்ட் என்பது 1,416 சதுர மீட்டர். ஒரே நாளில் பத்து சென்டிமீட்டர் மழை பெய்தால் அந்த இடத்தில் மட்டும் 1,41,600 லிட்டர் விழும். தளம் போடாமல் விட்டால் அதில் கணிசமான பங்கு மண்ணுக்குள் இறங்கும்.

பத்திரம் பதிந்ததோடு ஓய முடியவில்லை. நான்காவது மாதமே, ‘இடம் இப்போது எங்களுடையதுதானே’ என்று உள்ளாட்சியே பூங்காவின் வடமேற்கு மூலையில் மேல்நிலை நீர்த்தொட்டி கட்டக் குறியிட்டது. தண்ணீர்த் தொட்டியை எதிர்ப்பவர்கள் என்ற பெயர் வாங்க யாருக்கும் விருப்பமில்லை. ஆனாலும் பகுதி சபைக் கூட்டத்தில், திறந்தவெளி ஒதுக்கீட்டு நிலம் கட்டுமானமின்றி இருக்க வேண்டும் என்ற விதியை வாசித்துக் காட்டி, அதே தெருவில் பொதுப் பயன்பாட்டுக்கென்று தனியே ஒதுக்கிய இடம் புதராகக் கிடப்பதைச் சுட்டினோம். தொட்டி அங்கே போனது.

அடுக்குமாடியில் இப்போது பாதி வீடுகளில் ஆள் வந்துவிட்டார்கள். மாலையில் பூங்காவில் ஓடும் குழந்தைகளில் யார் எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரிவதில்லை. ஒவ்வோர் ஆண்டும் ஜனவரியில் அந்தச் சர்வே எண்களுக்கு வில்லங்கம் போட்டுப் பார்ப்பதைச் சங்கத்தின் வேலையாகத் தீர்மானத்தில் எழுதிவைத்திருக்கிறோம். பட்டா மட்டும் இன்னும் மாறவில்லை. தானப் பத்திரத்தின் நகலை இணைத்து உள்ளாட்சி விண்ணப்பித்து ஓராண்டு ஆகிறது. உட்பிரிவுக்கு நில அளவர் வர வேண்டும் என்றார்கள். மூலைக் கல் மண்ணில் புதைந்துவிடாதபடி சுற்றிலும் தோண்டி, வெள்ளைச் சுண்ணாம்பு பூசி, அவர் வரும் நாளுக்காக வைத்திருக்கிறேன்.